நிலாவெளியில் கடைசி ரெண்டு நாள்

எங்க ஊர் வானகரத்தில் கடல் கிடையாது. ஆனா மீன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் மார்க்கெட் பக்கம் வந்து பாருங்க, பைக் நிறுத்த இடம் கிடைக்காது. எங்கப்பா அங்கேதான் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறார். ராத்திரி 2 மணிக்குப் போய், காலையில் மீன் வாசனையோடு வீட்டுக்கு வருவார். அவரைப் போய் "பீச்சுக்குப் போலாம்ப்பா"ன்னு கூப்பிட்டா? "வருஷம் பூரா நான் பார்க்காத மீனாடா?" என்பதோடு பேச்சு முடிஞ்சிடும்.

இந்த வருஷம் முடியலை. காரணம் என் அண்ணன். அடுத்த மாசம் அவனுக்கு துபாயில் வேலை. நாலு பேரும் ஒண்ணாப் போற டூர் இனிமே எப்போ வாய்க்குமோன்னு அம்மா கண்ணைக் கசக்க, அவனே செலவை ஏத்துக்கிட்டான். மாலத்தீவு பட்ஜெட்டுக்கு ஆகாது. தாய்லாந்துன்னதும் அம்மா முறைச்சாங்க. மிச்சம் இருந்தது இலங்கை. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகலை. பீக் அவரில் வானகரத்திலிருந்து மெரினா போகவே அவ்வளவு ஆகும் பாஸ்! அங்கிருந்து வேன் பிடிச்சு 260 கிலோமீட்டர் சொச்சம் குறுக்கே போனா திருகோணமலை. அதுக்குக் கொஞ்சம் வடக்கே நிலாவெளி.

ஒரு விஷயம் குறிச்சு வெச்சுக்கங்க. நம்ம செமஸ்டர் லீவு வர்ற மே, ஜூனில் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கிட்டிருக்கும். கிழக்குக் கரை அப்போ குளம் மாதிரி கிடக்கும். நிலாவெளியில் இடுப்பளவு தண்ணியில் நின்னு குனிஞ்சா, கால் நகம் தெரியுது. இத்தனைக்கும் இது நம்ம மெரினாவைத் தொடுற அதே வங்காள விரிகுடாதான். பாஸ்போர்ட் எடுத்து, ஃப்ளைட் ஏறி, நம்ம கடலையே வேற பக்கம் வந்து பார்த்திருக்கோம்னு அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.

முதல் நாலு நாளைப் பத்தி நான் எழுதப் போறதில்லை. எல்லாரும் பண்றதைத்தான் பண்ணினோம். போட்டோ எடுத்தோம், சண்டை போட்டோம், கன்னியா வெந்நீர் ஊற்றில் தலையில் தண்ணி ஊத்திக்கிட்டோம். டூரில் கடைசி ரெண்டு நாள்தான் தனி ரகம். பார்க்க வேண்டிய இடங்களின் லிஸ்ட் தீர்ந்திருக்கும், காசும் தீர்ந்துக்கிட்டு இருக்கும். ஈரத்துணி காயுமா, பையில் மண்ணு எவ்வளவுன்னு மனசு பாதி ஊருக்குத் திரும்பியிருக்கும்.

அஞ்சாவது நாள் காலையில் புறாத்தீவு. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் போல, படகில் கொஞ்ச நேரம். 2003-ல் தேசியப் பூங்காவா அறிவிச்ச இடம். முகமூடி மாட்டிக்கிட்டு மூழ்கினா பவளப்பாறை, கலர் கலரா மீன். கூடவே துடுப்பு நுனியில் கறுப்பு மை தொட்ட மாதிரி குட்டி குட்டிச் சுறாக்கள். ஆளைக் கடிக்காதாம், நம்மைப் பார்த்து அதுங்கதான் ஒதுங்கிப் போகுது. அம்மா லைஃப் ஜாக்கெட்டில் மிதந்தபடி முருகா, முருகா. அப்பா தலையைத் தூக்கி ஒரே ஒரு கமென்ட்: "புட்டுக்குச் சரியான சைஸு."

அன்னிக்கு ராத்திரிதான் அது நடந்தது. நாங்க தங்கின விடுதியை நடத்தினவங்களுக்கு 40 வயசு தாண்டியிருக்கும். அக்கான்னுதான் கூப்பிட்டோம். நாலு நாளா எங்களோட அளவாத்தான் பேசினாங்க. "சாப்பிட வாங்கோ", "வெயிலுக்குள்ள திரியாதேங்கோ", அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு ஒரு பொரிச்ச மீன் துண்டு வந்தது. அறக்குளான்னு சொன்னாங்க. அப்பா விடுவாரா? "இது வஞ்சிரம்மா. இருபது வருஷமா இதுக்குக் கணக்கு எழுதுறேன்."

"சென்னையில மீன் யாவாரமோ?"

"சென்னைன்னா சிட்டி இல்லம்மா. வானகரம்னு..."

கவனிச்சீங்களா? வெளியூர் போனா நாம யாருமே வானகரம்னு சொல்றதில்லை, அம்பத்தூர், ஆவடி ஆளுங்களும் அப்படித்தான். கேட்டா சென்னை. நாங்களும் நாலு நாளா சென்னைன்னே சொல்லிக்கிட்டிருந்தோம். அக்கா கரண்டியைக் கீழே வெச்சாங்க. "இன்னாண்ணே, வானகரமா? மதுரவாயல் தாண்டி?"

நாலு பேரும் வாயைப் பொளந்துட்டோம். அது அச்சு அசல் எங்க ஏரியாத் தமிழ்!

1990-ல் சண்டை திரும்ப மூண்டப்போ அவங்களுக்கு ஏழு வயசு. ஊரை விட்டு மன்னார் போய், அங்கிருந்து ராத்திரிப் படகு, ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அப்புறம் புழல் காவாங்கரை அகதி முகாம். அங்கே 22 வருஷம். அப்பா பெயின்டர். வானகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவர் வெள்ளையடிச்சப்போ, சோத்துத் தூக்கோட இவங்க பஸ்ஸில் வந்திருக்காங்க. பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். போர் 2009-ல் முடிஞ்சு, மூணு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து, உறவுக்காரங்க உதவியோட இந்த விடுதி.

"அங்க என்னை சிலோன்காரின்னாங்க. இங்க வந்தா இந்தியாக்காரி. ரெண்டு பாஷையும் பழகிட்டேன்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

எனக்குத்தான் சோறு இறங்கலை. பைபாஸில் ஏறினா புழல் எங்க வீட்டிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். அந்த வழியா ஃப்ரெண்ட்ஸோட ஆந்திரா பக்கம் பைக்கில் எத்தனை முறை போயிருக்கேன்! அங்கே ஒரு முகாம் இருக்கு, அதில் இன்னும் குடும்பங்கள் இருக்குன்னு எனக்குத் தெரியாது. 2021-ல் இதுமாதிரி முகாம்களுக்கெல்லாம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்னு தமிழக அரசு பேர் மாத்தினதைப் பிறகுதான் படிச்சேன். பக்கத்து ஊரைத் தெரிஞ்சுக்க நான் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

கடைசி நாள். விடியறதுக்கு முன்னாடியே அப்பாவைக் காணோம். தொழில் புத்தி! தேடிப் போனா, கரைவலை இழுக்கிறவங்களோடு சேர்ந்து கயிறு பிடிச்சு நிக்கிறார். வலையின் ரெண்டு நுனியையும் கரையில் ரெண்டு கூட்டமா நின்னு இழுக்கணும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தோம், நானும்தான். கை எரிஞ்சது. வந்ததில் பாதிக்கு மேல் மத்தி, அங்கே சாளை. "இத்தனை வருஷம் பெட்டியில்தான்டா பார்த்திருக்கேன்" என்றார் அப்பா. இருபது வருஷமா மீன் கணக்கு எழுதுற மனுஷன், மீன் கடலை விட்டு வர்றதை முதல் தடவையா அன்னிக்குத்தான் பார்த்தார்.

கோணேஸ்வரம் போகாமல் திரும்பினா அம்மா விட மாட்டாங்க. சம்பந்தர் பாடின தலம். 1622-ல் போர்த்துக்கீசியர் இடிச்சு, அந்தக் கல்லை வெச்சுக் கோட்டை கட்டினாங்க. இன்னிக்கும் அந்தக் கோட்டை வாசல் வழியாத்தான் கோயிலுக்குப் போகணும். வழியெல்லாம் மான்கள் மேயுது. மலை உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தா கீழே நேரே கடல். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956-ல் அங்கே மூழ்கிப் பழைய கோயிலின் இடிபாடுகளைப் பார்த்திருக்காங்க. சிவில் ஸ்டூடன்ட்டா ஒரு வார்த்தை: நம்ம சென்னைத் துறைமுகம் கல்லைக் கொட்டிக் கட்டினது. திருகோணமலைத் துறைமுகம் இயற்கையே வெட்டிக் கொடுத்தது. அண்ணன் எதையும் பார்க்கலை. காலையிலிருந்தே ஒரு மாதிரியா இருந்தான்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தா சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். அக்கா எங்களுக்காகச் செஞ்சது. சாப்பிட்டு முடிச்சதும் அண்ணன் கேட்டான்: "அங்கே இருந்தப்போ ஊர் ஞாபகம் வந்தா என்னக்கா பண்ணுவீங்க?"

அக்கா உடனே பதில் சொல்லலை. "அம்மாவோட ஏரிக்கரைக்குப் போவேன். ஏரி நிறைஞ்சிருந்தா அக்கரை தெரியாது. 'இஞ்ச பார், எங்கட கடல் மாதிரியே'ன்னு அம்மா சொல்லும். அது திரும்பி வரலை. அங்கேயே போய்ச் சேர்ந்துடுச்சு."

ராத்திரி 9 மணிக்கு வேன். மிச்சமிருந்த இலங்கைக் காசுக்குக் கச்சான் வாங்கினோம். நம்ம ஊர் வேர்க்கடலைதான். சாமான் ஏத்தும்போது அம்மா, "அங்கேர்ந்து ஏதாவது வேணுமாம்மா? அனுப்பி வைக்கிறோம்" என்றாங்க. வேண்டாம்னு தலையாட்டின அக்கா, வேன் கிளம்பும்போது என் ஜன்னல் பக்கம் வந்தாங்க. "தம்பி, அந்தப் பக்கம் போனா ஏரியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

வந்த மறு ஞாயிறு அண்ணனும் நானும் போனோம். பைபாஸ் முடிஞ்சு செங்குன்றம் ரோட்டில் திரும்பினா ஏரிக்கரை. சென்னைக்கே குடிக்கத் தண்ணி தர்ற ஏரி, நிறைஞ்சா 3.3 டிஎம்சி பிடிக்கும். நாங்க போனது வெயில் காலம், ஓரத்தில் தரை வெடிச்சிருந்தது. அண்ணன்தான் படம் எடுத்தான். நாலு எடுத்து, தண்ணி அதிகமாத் தெரியறதைத் தேடி அனுப்பினோம்.

பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. "மழைக்கு அப்புறம் இன்னொரு தரம் எடு தம்பி."

அண்ணன் அதுக்குள்ளே துபாய் போயிருப்பான். நான்தான் போகணும்.