மாமியார் கைதட்ட, மருமகள் ஆடும் ஊர்

குடகு என்றதும் நமக்குக் காப்பியும் ஆரஞ்சும் நினைவுக்கு வரும். கொஞ்சம் பக்தி உள்ளவர்களுக்குத் தலைக்காவேரி. தஞ்சாவூர் வரைக்கும் ஓடி வந்து நமக்குச் சோறு போடுகிற காவேரித் தாயின் பிறந்த வீடல்லவா! ஆனால் 2024 ஏப்ரலில் நாங்கள் குடும்பத்தோடு அங்கே போனது இது எதற்காகவும் இல்லை. ஹாக்கி பார்க்க!

"ஹாக்கியா? அதுக்கா இவ்வளவு தூரம்?" என்று என் மாமியார் மோவாயில் கை வைத்துக்கொண்டார்.

காரணம் என் பெண்தான். அப்போது ஏழாவது முடித்திருந்தாள். பள்ளியில் ஆசையாக ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவள். "பெண்கள் அணிக்கு ஆள் சேரவில்லை" என்று சொல்லி அந்த வருஷம் நிறுத்திவிட்டார்கள். பையன்கள் அணி மட்டும் வழக்கம்போல நடந்தது. பெண் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் கணவரோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் குடகுக்காரர். விஷயத்தைக் கேட்டதும், "லீவுக்கு எங்க ஊருக்கு அழைச்சிட்டு வாங்க. அங்கே ஆள் சேரலைங்கிற பேச்சே கிடையாது" என்றார். கிளம்பிவிட்டோம்.

மைசூரிலிருந்து பஸ்ஸில் மடிக்கேரி. மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. கோடை மழை விழுந்தால் காப்பிச் செடி மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூக்குமாம். சில தோட்டங்களில் பூ இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு வாசனை இலவசம்! மடிக்கேரியிலிருந்து இன்னும் உள்ளே போனால் நாபோக்லு. நண்பர் வீட்டில் கடம்புட்டு (அரிசி ரவையை உருண்டை பிடித்து ஆவியில் வேக வைப்பது), அக்கி ஒட்டி என்கிற அரிசி ரொட்டி, நூல்புட்டு. நூல்புட்டு வேறொன்றுமில்லை, நம் இடியாப்பம்தான். பன்றிக்கறிதான் அவர்களுடைய விசேஷம். நாங்கள் சைவம் என்பதால் எங்களுக்குத் தனியாகக் காய்கறிக் குழம்பு வைத்திருந்தார்கள்.

ஒரு குடும்பம், ஒரு அணி

குடகு மக்களுக்கு 'ஒக்க' என்று ஓர் ஏற்பாடு. ஒரே மூதாதையரிடமிருந்து வந்த அத்தனை பேரும் ஒரே ஒக்க. ஒக்கவின் பெயர்தான் குடும்பப் பெயர். பிழைப்புக்காகப் பெங்களூர், மும்பை என்று சிதறிப்போன குடும்பங்களை ஒன்றுசேர்க்க ஒருவர் வழி யோசித்தார். அவர் பாண்டண்ட குட்டப்பா. வங்கியில் வேலை பார்த்தவர். 1997-ல் கரடா என்ற ஊரில் முதல் போட்டியை நடத்தினார். நிபந்தனை ஒன்றுதான்: ஓர் அணியில் ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒரே குடும்பத்தவராக இருக்க வேண்டும். ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா என்ற கேள்வி இல்லை.

முதல் வருஷம் 60 குடும்பங்கள் வந்தன. பிறகு ஆண்டுக்கு ஒரு குடும்பம் பொறுப்பேற்று நடத்தியது. கோப்பைக்கும் அந்தக் குடும்பத்தின் பெயர். 2018 ஆகஸ்டில் பெருமழையும் மண்சரிவும் குடகைப் புரட்டிப் போட்டன. அடுத்துக் கொரோனா. சில ஆண்டுகள் விழாவே இல்லை. 2023-ல் மறுபடி தொடங்கினார்கள். நாங்கள் பார்த்த 2024 குண்டியோலண்ட கோப்பைக்கு 360 குடும்பங்கள்! கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது. 2025-ல் மடிக்கேரியில் முத்தண்ட குடும்பம் நடத்தியபோது 396 ஆகிவிட்டது.

இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டேன். நண்பரின் அண்ணன் சிரித்தார். "ஒரு கல்யாணம் நடத்தற மாதிரிதாம்மா. ஒரு மாசக் கல்யாணம்!" தோற்றவர் வெளியேறும் முறை என்பதால் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி கழியும். 360 அணி என்றால் 359 ஆட்டம். முப்பது நாளுக்குப் பிரித்தால் தினம் பன்னிரண்டு. அதனால் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று மைதானங்கள் வேண்டும். நடுவர்கள், ஸ்கோர் எழுதுகிறவர்கள், முதலுதவி, குடிதண்ணீர், வருகிறவர்களுக்குச் சாப்பாடு, கார் நிறுத்த இடம் என்று ஆளுக்கொரு வேலை. பணம் குடும்பத்தாரும் நன்கொடையாளர்களும் தருவது. அரசு உதவியும் உண்டு.

மைதானத்தில் ஒரு மருமகள்

கேலரியில் கொசுவத்தைப் பின்பக்கம் வைத்துக் கட்டிய பாட்டிமார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் கொடவ மொழியில் வர்ணனை. ஓர் ஆட்டம் முடிந்து, வியர்வை சொட்ட ஓர் இளம்பெண் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றரை வயசுக் குழந்தை அவள் மாமியார் மடியில். கோவையில் படித்தவளாம், தமிழ் நன்றாகவே வந்தது.

"காலேஜ் டீம்ல ஆடினேன், அக்கா. கல்யாணமானதும் மட்டை பரண்ல ஏறிடுச்சு. இந்த விழாவுக்காகத்தான் இறக்கினேன். டாக்டரைக் கேட்டுட்டு, முதல்ல நடை, அப்புறம்தான் ஓட்டம்."

"வீட்டில் ஒண்ணும் சொல்லலையா?"

"ஆடறதே இவங்க குடும்பத்துக்காகத்தானே! எப்படி வேண்டாம்னு சொல்வாங்க?"

மாமியாருக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டிக் காட்டினார்.

சகோதரிகளே, அவள் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. நம் வீடுகளில் பெண் விளையாடுவது அவளுடைய தனி ஆசை. அதனால் முதலில் கை வைக்கப்படுவதும் அதிலேதான். அங்கே அது குடும்பத்தின் காரியம். எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. நான் பார்த்த அணிகளில் பெண்கள் ஒருவர் இருவர்தான். பலவற்றில் அதுவும் இல்லை. ஆனால் வர நினைப்பவளுக்குக் கதவு திறந்திருக்கிறது.

எழுபத்திரண்டு வருஷம் பொறுத்த கதை

ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹாக்கி 1908-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 1980-ல் மாஸ்கோவில்தான் இடம் கிடைத்தது. நம் பெண்கள் அதில் நாலாவது. 1982-ல் டில்லி ஆசியப் போட்டியில் தங்கம். ஆனால் மறுபடி ஒலிம்பிக் போக 2016 வரை, முப்பத்தாறு வருஷம் காத்திருந்தார்கள். 2021-ல் டோக்கியோவில் ராணி ராம்பால் தலைமையில் ஆஸ்திரேலியாவை வென்று முதன்முறையாக அரையிறுதிக்கு வந்தார்கள்.

இவர்களில் பலர் சின்ன ஊர்ப் பெண்கள். ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் கிராமத்துப் போட்டிகளில் ஜெயித்த அணிக்கு ஆடுதான் பரிசு! அந்த மாவட்டத்தின் சலீமா டேடே 2024-ல் இந்திய அணியின் தலைவியானார். நன்றாக ஆடும் பெண்களுக்கு ரயில்வேயில் வேலையும் கிடைக்கிறது. ஊர்ப் போட்டிதான் முதல் படி.

நம்மால் முடியாதா?

பதினொரு பேர் சேரவில்லையா? ஐந்து பேர் போதும். ஐவர் ஹாக்கிக்குச் சின்ன மைதானமே போதும். 2024 ஜனவரியில் அதற்கு மஸ்கட்டில் பெண்கள் உலகக் கோப்பையே நடந்தது, நம் பெண்கள் இரண்டாம் இடம். எட்டு அணி என்றால் ஏழே ஆட்டம். ஒரு நாளில் முடிந்துவிடும். ஊர் திரும்பியதும் எங்கள் காலனியில் இதைத்தான் பேசினோம். ஓர் அணியில் ஓர் அம்மாவாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஐந்து அணி சேர்ந்திருக்கிறது. இன்னும் மூன்று வேண்டும். என் பெண் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பெண்ணை ஆட அனுப்பும் தாய்மார்களுக்கு: மட்டை ஏறக்குறைய இடுப்பு உயரம் இருக்கட்டும். முழங்காலுக்குக் கீழே அணியும் காப்பும், பல்லுக்கு உறையும் இல்லாமல் அனுப்பாதீர்கள். கேழ்வரகு, கீரை, பேரீச்சம்பழம் சாப்பாட்டில் இருக்கட்டும். மாதவிலக்கு நாளில் உடம்பு இடம் கொடுத்தால் ஆடலாம். கட்டாயமும் வேண்டாம், தடையும் வேண்டாம்.

குடகு போக விரும்புகிறவர்களுக்கு: மடிக்கேரிக்கு ரயில் இல்லை, மைசூரில் இறங்கி சுமார் 120 கிலோமீட்டர் பஸ்ஸிலோ காரிலோ போக வேண்டும். விழா பெரும்பாலும் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை. ஊர் ஆண்டுக்காண்டு மாறும், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். மாலையில் மழை வரலாம். குடையும் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டரும் அவசியம். பாகமண்டலாவும் தலைக்காவேரியும் நாபோக்லுவிலிருந்து தூரமில்லை. அங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.