மெல்ல அடித்தே வெல்ல வைத்தவருக்கு

மதிப்பிற்குரிய ராமநாதன் கிருஷ்ணன் ஐயா அவர்களுக்கு,

அரியலூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தை நீங்கள் அறிந்திருந்தால் சிமென்ட் ஆலைகளுக்காகவோ கங்கைகொண்ட சோழபுரத்துக்காகவோ அறிந்திருப்பீர்கள். டென்னிஸுக்காக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இங்கேயும், பக்கத்திலே பெரம்பலூரிலும், வேலை முடிந்த மாலையில் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற சிறு கூட்டம் ஒன்று உண்டு. ஆலையில் ஃபிட்டர், பள்ளி வாத்தியார், மக்காச்சோள வியாபாரி, வங்கிக்காரர் எல்லாம் கலந்த கூட்டம். மண் கோர்ட்தான். கோடு போடச் சுண்ணாம்புக்கு மட்டும் இந்த ஊரில் பஞ்சமே வராது.

எங்களில் பலர் நாற்பதைத் தாண்டிய பிறகு ஆட வந்தவர்கள். தோளில் பலம் கிடையாது, சர்வில் வேகம் கிடையாது. டிவியில் அல்கராஸ் அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து அதே மாதிரி ஓங்குவோம். பந்து கம்பி வேலியில் போய் இடிக்கும். பாதி ஆட்டம் அந்த ஆசையிலேயே போய்விடும். அப்படி இருந்தவர்கள் இன்று அவ்வப்போது ஜெயிக்கவும் செய்கிறோம் என்றால், அதற்கு நன்றி சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்.

1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனீர்கள். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று நேர்செட்டில் வீழ்த்தினீர்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அவர் ஆஸ்திரேலியப் பட்டம் வென்றிருந்தார். பின்னாளில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் மொத்தம் 12 அவருக்கு. ஓடுவதிலும் உடல் வலுவிலும் பேர் பெற்ற அந்த மனிதரை, சர்வ் மிதமான ஒருவர் எப்படி அடக்கினார்? உங்கள் ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இடம் பார்த்துப் போடுவது, நேரம் பார்த்துத் தொடுவது. இதைப் படித்த பிறகுதான் எங்களுக்கும் பந்தை எங்கே போடுகிறோம் என்று பார்க்கத் தோன்றியது.

டேப்பை எடுத்து அளந்தோம். வலை நடுவில் 3 அடி, கம்பத்தருகே மூன்றரை அடி. கோர்ட்டின் நீளம் 78 அடி. ஒற்றையர் கோர்ட்டில் மூலைக்கு மூலை பிடித்தால் ஏறக்குறைய எண்பத்திரண்டரை அடி. குறுக்காக அடிக்கிறவனுக்கு வலை அரையடி தாழ்கிறது, கோர்ட் நாலரை அடி நீள்கிறது. நாங்கள் ஓடி வந்து தடுமாறி எடுக்கிற பந்தைக் கோட்டை ஒட்டி நேராக அடிக்கப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். இப்போது அதைக் குறுக்கே, கொஞ்சம் உயரமாக, ஆழமாகப் போட்டுவிட்டு நடுவுக்கு வந்து நிற்கிறோம். அதற்குள் நமக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. எதிராளிக்குத்தான் பொறுமை போகிறது.

ஆடி மாதத்தில் எங்கள் ஊர்க் காற்றைப் பார்க்க வேண்டும், ஐயா. பெரும்பாலான ஊர்களைப் போல எங்கள் கோர்ட்டும் வடக்கு தெற்காகக் கிடக்கிறது; மேற்கே இருந்து வரும் காற்று குறுக்கே அறையும். கிழக்குக் கோட்டுக்குக் குறிவைத்தால் பந்து வெளியே. மேற்குக் கோட்டுப் பக்கம் வைத்தால் காற்றே உள்ளே தள்ளிக் கொடுக்கும். பெரம்பலூரிலிருந்து வருகிற பையன்கள் எங்களைவிட இருபது வயது இளையவர்கள், அடியும் பலம். ஆடியில் மட்டும் எங்களிடம் கொஞ்சம் அடக்கமாகவே பேசுவார்கள்.

இரட்டையரில் கோணம் தேடுவதை விட்டுவிட்டோம். நடுவில் போடுகிறோம்.

"அண்ணே, அது உங்க பந்துண்ணே!"

"உன் ஃபோர்ஹாண்டுப் பக்கம்ல வந்துச்சு, நீதானப்பா எடுக்கணும்!"

எதிர்ப்பக்கம் இந்தப் பேச்சு கேட்டுவிட்டால் அந்த கேம் எங்களுக்குத்தான்.

இரண்டாவது சர்வுக்கு உங்கள் மகன் ரமேஷ் அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவருடைய சர்வும் மெதுவானதே. 1989 ஆஸ்திரேலிய ஓபன் இரண்டாம் சுற்றில், அப்போது உலக முதல்நிலை ஆட்டக்காரரான மாட்ஸ் விலாண்டரை அதே சர்வை வைத்துக்கொண்டுதான் நேர்செட்டில் தோற்கடித்தார். பந்து எழும்போதே முன்னே போய் எடுத்து, எதிராளிக்கு நேரம் கொடுக்காத ஆட்டம் அது. முன்னே போய் எடுப்பது எங்கள் முழங்காலுக்கு ஆகிற காரியமில்லை. மெதுவான சர்வுக்கு வெட்கப்பட வேண்டாம் என்பது மட்டும் ஆகும். பேக்ஹாண்டுப் பக்கம் ஸ்லைஸாக, கட்டாயம் உள்ளே. டபுள் ஃபால்ட் பாதியாகக் குறைந்துவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய கடன் கல்கத்தா ஆட்டத்துக்குப் பட்டது. 1966, டேவிஸ் கோப்பை, சவுத் கிளப் புல்தரை, எதிரே பிரேசில். இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நிற்க, கடைசி ஒற்றையரில் இடக்கை ஆட்டக்காரர் தாமஸ் கோச்சிடம் இரண்டு செட் கொடுத்து ஒன்றுதான் எடுத்திருந்தீர்கள். நாலாவது செட்டில் 2-5. அங்கிருந்து அந்த செட்டை 7-5 என்று பிடித்து, அடுத்ததை 6-2 என்று முடித்து, இந்தியாவை முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கூட்டிப் போனீர்கள். மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். அந்த ஒன்றும் நீங்களும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப்-ரோச் இணையை வென்ற இரட்டையர்.

2024இல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ரோஜர் ஃபெடரர் ஒரு கணக்குச் சொன்னார். 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் வென்றவர், ஆடிய பாயின்ட்களில் வென்றது 54 சதவீதம்தானாம். அதைக் கேட்டபோது எனக்கு உங்கள் 2-5தான் நினைவுக்கு வந்தது. போன பாயின்டைச் சுமந்துகொண்டு நிற்கிறவனால் அங்கிருந்து திரும்பியிருக்க முடியாது. எங்கள் கூட்டத்தில் இப்போது யாராவது பின்தங்கி நின்று முகம் சுண்டினால், வெளியே இருப்பவர் "கல்கத்தா!" என்று குரல் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பல நேரம் அதற்கப்புறமும் தோற்கத்தான் செய்கிறோம். 6-2 என்று முடிய வேண்டியது 7-5 வரை இழுக்கும்.

ஒன்று மட்டும் உங்களிடமே கேட்க வேண்டும், ஐயா. அந்த 2-5இல் உங்கள் ஆட்டத்தில் எதை மாற்றினீர்கள்? லாப் கூட்டினீர்களா, கோச்சின் பேக்ஹாண்டைத் தேடினீர்களா, இல்லை எதையுமே மாற்றாமல் அவர் தவறு செய்யட்டும் என்று காத்திருந்தீர்களா? எங்கள் கூட்டம் இதில் இரண்டு கட்சியாக நிற்கிறது. நான் காத்திருந்தீர்கள் என்கிற கட்சி.


அரியலூர் மண் கோர்ட்டிலிருந்து ஓர் ஆட்டக்காரன்