வழுக்காத எண்ணெய்

போன மாதம் சுங்கை பட்டாணியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு நாலு சக்கர மோட்டர் நின்றது. அக்கா மகன் யாரிடமிருந்தோ பழசாக வாங்கி வந்திருக்கிறான். யமஹா பிளாஸ்டர். 1988இல் தொடங்கி 2006 வரை வந்த வண்டி. 195 சிசி, காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், ஆறு கியர், எல்லாவற்றுக்கும் மேலாக டூ ஸ்ட்ரோக். ஜெராய் மலையடிவாரத்தில் அவன் அப்பாவுக்குக் கொஞ்சம் செம்பனை இருக்கிறது. மேட்டிலிருந்து குலைகளைச் சடக்குக்கு இழுத்து வர இது போதும் என்பது அவன் கணக்கு.

"மாமா, கியர் பெட்டிக்கு இத ஊத்தலாமா?" என்று ஒரு போத்தலைக் காட்டினான். கார் எண்ணெய். முழு சிந்தெடிக். கடையில் இருந்ததிலேயே விலை கூடியது என்றான்.

"ஊத்திட்டியா?"

"இன்னும் இல்ல."

"கீழ வை" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது போலிருக்கிறது. பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அந்தப் போத்தலைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது 1993. நான் நாலாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அப்பா பால் வெட்டினார். அவரிடம் ஒரு சுசுகி ஆர்சி 80 இருந்தது. வெளிக்காட்டில் வெட்டி முடித்ததும் பாலைத் தோம்பில் ஊற்றி, பின் சீட்டில் போட்ட இரும்புச் சட்டத்தின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஸ்டோருக்குக் கொண்டு வருவார். வண்டி போன பிறகும் மரங்களுக்கிடையே வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் நிற்கும். கொசுவுக்கு நல்லது என்பார்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் இரண்டு எண்ணெய் உண்டு. நாலு ஸ்ட்ரோக் மட்டுமே ஓட்டிப் பழகிய இன்றைய பிள்ளைகளுக்கு இதுதான் முதல் குழப்பம். ஒன்று 2டி எண்ணெய். பெட்ரோலோடு சேர்ந்து இஞ்சினுக்குள் போய் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்புக் கொடுத்துவிட்டு எரிந்து புகையாகப் போய்விடும். மற்றது கியர் பெட்டியில் இருப்பது. அது எரிவதில்லை. கியர் பற்களுக்கும் கிளச்சுக்கும் அதுதான் குளியல். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவரும் கிராங்க் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீலும் உண்டு. ஒன்று மற்றதைத் தொடக்கூடாது. கிளச் பக்கத்துச் சீல் கிழிந்தால் இஞ்சின் கியர் எண்ணெயை உறிஞ்சி எரிக்க ஆரம்பிக்கும். புகை திடீரென்று அடர்த்தியாகும், கியர் எண்ணெய் காரணமில்லாமல் குறையும். தோட்டத்தில் பலர் 2டி எண்ணெயைக் குறை சொல்லிக்கொண்டே சீல் போன வண்டியை மாசக்கணக்கில் ஓட்டுவார்கள்.

அப்பா வண்டிக்குக் கியர் எண்ணெய் மாற்றுவது என் வேலை. வழக்கமாக பீடோங்கில் இருந்த சீனர் பட்டறையில் வாங்குவோம். மலாயில் மிஞாக் ஹித்தாம் என்பார்களே, அந்தச் சாதாரண மோட்டர் எண்ணெய். அந்த வருடம் பள்ளி விடுமுறையில் நான் ஒரு கார் பட்டறையில் கையாளாகப் போனேன். கடைசி நாள் சம்பளத்தோடு ஒரு போத்தல் கார் எண்ணெயும் கொடுத்தார்கள். பெரிய கார்களுக்கு ஊற்றுவது. விரலில் தொட்டால் பட்டுப் போல வழுக்கும். அப்பா வண்டிக்கு இதைவிட நல்லது வேறென்ன என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாமல் பழையதை வடித்துவிட்டு இதை ஊற்றினேன். கொடுத்தவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் காருக்கென்றுதான் கொடுத்தார்கள். மோட்டரில் ஊற்றியது என் புத்தி.

முதல் இரண்டு நாள் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அப்பாவே, "என்னடா, இன்னிக்கு மோட்டரு சத்தமே இல்லாம போவுது" என்றார். நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மழைத் தூறல். வெட்டு தாமதமாகத் தொடங்கியது. பால் எடுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டு தோம்பும் நிறைந்திருந்தன. பள்ளத்திலிருந்து செம்மண் மேட்டில் ஏறும்போது இஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. முறுக்க முறுக்கச் சத்தம்தான் கூடுகிறது. பின் சக்கரம் சோம்பேறியாகச் சுற்றுகிறது. கிளச் வழுக்குகிறது. அப்பா இறங்கித் தள்ளியிருக்கிறார். ஈர மண்ணில் அந்தப் பாரத்தோடு ஒரு ஆள் எவ்வளவு தூரம் தள்ள முடியும்? கடைசியில் தோம்புகளை இறக்கி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ரப்பர் பால் காத்திருக்காது. மரத்திலிருந்து இறங்கியதிலிருந்தே அதற்குள் கிருமிகள் வேலையைத் தொடங்கிவிடும். அமோனியா போட்டால் கொஞ்சம் தாங்கும். மழைத் தண்ணீரோ அழுக்கோ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் திரியும். அப்பா ஸ்டோருக்கு வந்தபோது ஒரு தோம்பு முழுக்க உறைந்திருந்தது. கிராணி குச்சியை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைக்கச் சொன்னார். பாலாக எழுத வேண்டியது கட்டிப்பாலாக எழுதப்பட்டது. எங்கள் வீட்டில் ஒரு நாள் கூலியில் அந்த வித்தியாசம் என்ன என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நானும் அப்பாவும் பீடோங் பட்டறைக்குப் போனோம். தவ்கே முதலில் கிளச் திருகைச் சரிபார்த்தார். அது சரியாக இருந்தது. பிறகு அடித்திருகைக் கழற்றி வடித்த எண்ணெயை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார். மோந்து பார்த்தார்.

"இனி மிஞாக் கெரெத்தா லா. காரு எண்ணெ. யாரு ஊத்துனது?"

என் காது சூடானது. வாய் திறக்குமுன் அப்பா சொன்னார்: "நாந்தான் தவ்கே. எண்ணெ எல்லாம் ஒண்ணுதானேன்னு ஊத்திட்டேன்."

தவ்கே விட்டாரா? இத்தனை வருஷம் மோட்டர் ஓட்டுகிறாய், இதுகூடத் தெரியாதா என்று தமிழும் மலாயுமாகத் திட்டினார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். நான் தரையில் ஓடும் எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று தவ்கே கவரைத் திறந்து கிளச் தட்டுகளை வெளியே எடுத்துக் காட்டினார். தட்டுகள் இரண்டு வகை. ஒன்று உராய்வுப் பட்டை ஒட்டியது, இஞ்சினோடு சுற்றும். இன்னொன்று வெறும் இரும்பு, கியரோடு சுற்றும். இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும். இவ்வளவும் எண்ணெயில் ஊறிக்கொண்டே நடக்கும். அதனால்தான் இதற்கு ஈரக் கிளச் என்று பெயர். எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்ளும், தட்டுகள் வெடுக்கென்று கவ்வாமல் மெதுவாகப் பிடிக்க வைக்கும். ஆனால் ஸ்பிரிங் அழுத்தியதும் தட்டும் தட்டும் ஒன்றையொன்று பிடித்தே ஆக வேண்டும். தவ்கே தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். பிறகு அந்தக் கார் எண்ணெயைத் தடவிக்கொண்டு தேய்த்தார். கைகள் வழுக்கின.

காருக்குக் கிளச் தனியாக வெளியே இருக்கிறது. எண்ணெய் அதைத் தொடாது. அதனால் கார் எண்ணெயில் பெட்ரோல் மிச்சமாக வேண்டுமென்று உராய்வைக் குறைக்கும் மருந்துகளைத் தாராளமாகச் சேர்க்கலாம். மாலிப்டினம் கலந்த சேர்மங்கள் அவற்றில் ஒரு வகை. காருக்கு அது புண்ணியம். ஈரக் கிளச்சுக்கு அதே குணம் கேடு. இந்தத் தொல்லை பெருகியதால்தான் 1990களின் இறுதியில் ஜப்பானின் ஜாசோ அமைப்பு மோட்டர் எண்ணெய்க்குத் தனி முத்திரை கொண்டுவந்தது. எம்ஏ என்றால் கிளச் பிடிக்கும் அளவுக்கு உராய்வு உள்ளது. எம்பி என்றால் உராய்வு குறைந்தது, ஈரக் கிளச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு. 1993இல் எங்களுக்கு அப்படி ஒரு முத்திரை இல்லை. தவ்கேயின் விரல்தான் முத்திரை.

அக்கா மகனிடம் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். முதலில் கிளச் பிடியில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா பார். தட்டு தேய்ந்தாலும் ஸ்பிரிங் களைத்தாலும் வழுக்கும். எல்லாப் பழியையும் எண்ணெய் மேல் போடாதே. பிறகு, ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 போட்ட 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 மோட்டர் எண்ணெய் வாங்கு. சிந்தெடிக்கா சாதாரணமா என்பது அடுத்த விஷயம். சிந்தெடிக் என்பதால் வழுக்குவதில்லை, உள்ளே சேர்த்த மருந்தால்தான் வழுக்கும். போத்தலின் பின்பக்க வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று எழுதியிருந்தால் திருப்பி வைத்துவிடு. ஈரக் கிளச்சுக்கு என்று போட்ட கியர் எண்ணெயும் நல்லதுதான். அதில் 75 அல்லது 80 என்று பார்த்துப் பயப்படாதே. கியர் எண்ணெயின் கட்டி அளவைக்கு வேறு கோல். அதில் 80டபிள்யூ-90 என்பது இஞ்சின் எண்ணெயில் 40, 50க்குப் பக்கத்தில்தான் வரும். ஆனால் லாரி டிஃபரன்ஷலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 வேண்டாம். அந்தக் கந்தக மருந்து இந்தக் கிளச்சுக்காகச் செய்ததில்லை, வெண்கலப் புஷ் இருந்தால் அதையும் அரிக்கலாம்.

"அப்போ வெல கூடுனது நல்லது இல்லையா?"

"நல்லதுதான். காருக்கு."

1996இல் நம் கெடாவிலேயே, குரூண் ஆலையிலிருந்து மொடெனாஸ் கிரிஸ் வெளிவந்தது. நாலு ஸ்ட்ரோக். புகை இல்லை, 2டி இல்லை. இஞ்சினுக்கும் கிளச்சுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். இரண்டு வருடம் கழித்து அப்பா ஆர்சியைக் கொடுத்துவிட்டு ஒரு கிரிஸ் எடுத்தார். அதன் பிறகு பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், நாங்கள் சுங்கை பட்டாணியில் அடுக்குமாடிக்கு வந்தோம். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் அப்பா என்னைத்தான் கூப்பிட்டார். அந்தப் போத்தலை ஊற்றியது யார் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் போய் எட்டு வருடம் ஆகிறது.

அக்கா மகன் கடைக்குப் போய் எம்ஏ முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கி வந்தான். இருவருமாகப் பழையதைச் சூடாக இருக்கும்போதே வடித்து, அளவு பார்த்து ஊற்றினோம். ஒரு லிட்டர் போத்தலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"இவ்ளோ வெவரம் எப்படி மாமா ஒங்களுக்குத் தெரியும்? தாத்தா சொல்லுவாரு, அவரு ஒரு தடவ தப்பா ஊத்தி பட்டறையில ஏச்சு வாங்குனாராமே."

பேரனிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்.

"தாத்தா ஊத்தல" என்றேன். "நாந்தான் ஊத்துனேன்."