பவனா ஏரி: கூடாரத்துக்குள் கூட்டுக் குடும்பம்

மும்பைக்காரர்களின் சனிக்கிழமை இரவுகளை வாங்கிக்கொண்ட ஏரி, தன் கரையில் வாழ்பவர்களுக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறது.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மும்பை-புனே எக்ஸ்பிரஸ் சாலை கண்டாலா மலை ஏற்றத்தில் திணறத் தொடங்கிவிடும். கார்களின் கூரையில் பாய், தலையணை, கிரிக்கெட் மட்டை. ஒரு காலத்தில் இந்தக் கூட்டமெல்லாம் லோனாவ்லாவில் இறங்கி, பூஷி அணையில் கால் நனைத்து, சிக்கி வாங்கிக்கொண்டு அன்றிரவே வீடு திரும்பிவிடும். இப்போது பல வண்டிகள் லோனாவ்லாவில் சிக்கிக்காக மட்டுமே நிற்கின்றன. அவற்றின் இலக்கு இன்னும் 20 கி.மீ. சொச்சம் தள்ளி இருக்கிறது: பவனா அணையின் தேங்குநீர்க் கரை.

புனே மாவட்டத்தின் மாவல் தாலுகாவில், லோகட், விசாபூர், துங், திகோனா என்ற நான்கு மலைக்கோட்டைகளுக்கு நடுவே கிடக்கிறது இந்த ஏரி. அணை எழுந்தது 1970களின் தொடக்கத்தில். கூடாரங்கள் வந்தது வெகு சமீபத்தில். தாக்கூர்சாய் பக்கம் போனால் கரை நெடுக நீலம், ஆரஞ்சு, பச்சை என்று காளான் முளைத்ததுபோலக் கூடாரங்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபாயிலிருந்து தொடங்குகிறது பேரம். மாலையில் டீயும் வெங்காய பஜ்ஜியும், பிறகு கரி அடுப்பில் வாட்டிய கோழி அல்லது பனீர், இரவுச் சாப்பாடு, கேம்ப் ஃபயர், காலையில் அவல் போஹா. இவ்வளவுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். தூக்கம் அவரவர் சாமர்த்தியம்.

இளைஞர் கூட்டத்துக்காகத் தொடங்கிய வியாபாரம் இது. கிடாரும் கையுமாக வந்தவர்களின் இடத்தை இப்போது குடும்பங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அதுவும் பெரிய குடும்பங்கள். காரணம் எளிது. தாத்தா பாட்டி, மூன்று பிள்ளைகள், மருமகள்கள், மாப்பிள்ளை, பேரன் பேத்திகள் எல்லோரும் ஒரே இரவில் ஒரே இடத்தில் படுக்க மும்பையில் எந்த வீட்டிலும் தரை கிடையாது. கல்யாணமோ சாவோ வந்தால்தான் உண்டு. அப்போதும் பாதிப் பேர் கடைசி லோக்கலைப் பிடித்துக் கிளம்பிவிடுவார்கள்.

ஏப்ரலில், பள்ளித் தேர்வுகள் முடிந்த ஒரு சனிக்கிழமை வந்திறங்கிய 14 பேர் கொண்ட தமிழ்க் குடும்பம் அப்படிப்பட்டதுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. மூத்த மகன் இன்னும் தாராவியில். இளையவர் டோம்பிவிலியில். மகளும் மாப்பிள்ளையும் புனேயை ஒட்டிய பிம்ப்ரியில். எல்லோருக்கும் நடுவே 76 வயது ஆச்சி. சாப்பாடும் சேர்த்துத்தான் பணம் என்று தெரிந்தும் மூத்த மருமகள் 60 இட்லியும் மிளகாய்ப்பொடியும் ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறும் கொண்டுவந்திருந்தார். "அவுக எண்ணெய் எப்படியோ, யாருக்குத் தெரியும்?" என்பது அவர் வாதம். ராத்திரி பத்து மணிக்குள் இட்லி தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கூடாரத்து குஜராத்திக் குடும்பத்துக்கும் அதில் பங்கு போயிற்று. பதிலுக்கு தேப்ளா வந்தது.

முதல் சிக்கல் கூடாரம் ரூபத்தில் வந்தது. நான்கு பேர் படுக்கலாம் என்று சொல்லப்படும் குவிமாடக் கூடாரத்தில் நான்கு பேர் படுக்கலாம்தான், புரள முடியாது. வாசலோ இடுப்பளவு உயரம். ஆச்சி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நாய்க்கூண்டு கணக்கா இருக்கு. இதுக்குள்ள நான் எப்படிலே நுழையதுக்கு?" முழங்கால் வலிக்காரரைத் தவழச் சொல்ல முடியாது என்று பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, முகாம்காரர் தன் வீட்டுத் திண்ணையில் கயிற்றுக் கட்டில் போட்டுக் கொடுத்தார். மராட்டியில் பாட்டிக்கு ஆஜி என்று பெயர். அவர் "ஆஜி" என்று கூப்பிட, பேரப்பிள்ளைகள் "ஆச்சி" என்று கூப்பிட, இரண்டுக்கும் ஒரேமாதிரி திரும்பிப் பார்த்தார் அந்த அம்மாள்.

பெரியவர்களோடு வர நினைக்கும் குடும்பங்கள் ஏரியின் படத்தைப் பார்த்து முடிவெடுப்பதைவிட, கழிப்பறை எத்தனை, எவ்வளவு தூரம், மேல்நாட்டு வகை உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. இருட்டில் கல்லும் முள்ளுமான சரிவில் டார்ச் பிடித்துக்கொண்டு நடப்பது இருபது வயதுக்கு வேடிக்கை, எழுபது வயதுக்கு எலும்பு முறிவு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் வேறு. முகாம்களில் தரும் போர்வையை நம்பி வருகிறவர்கள் விடியும்வரை தீ மூட்டிய இடத்தைச் சுற்றியே உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு தொல்லை சத்தம். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறுவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள். ஏரிக்கரையில் பத்து மணி என்பது முகாமுக்கு முகாம் மாறுகிறது. பாட்டு ஓய்ந்தபிறகுதான் தவளைச் சத்தம் கேட்கிறது. அதன்பிறகுதான் இந்தக் குடும்பத்திலும் பேச்சு தொடங்கியது. தாராவி வீட்டை மறுசீரமைப்புக்குக் கொடுப்பதா, கொடுத்தால் ஆச்சி யாரோடு இருப்பது என்று ஓராண்டாகத் தொலைபேசியில் முட்டிக்கொண்டிருந்த அண்ணன் தம்பிகள், தணல் பக்கத்தில் தாழ்ந்த குரலில் இரண்டு மணிவரை பேசினார்கள். முடிவு எதுவும் எட்டப்படவில்லை. ஆனால் யாரும் நடுவில் எழுந்து போகவும் இல்லை. போவதற்கு இடமும் இல்லை.

காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதுதான் ஆபத்து. கரை படிப்படியாக இறங்குவதுபோலத் தெரிந்து சட்டென்று ஆழமாகிவிடும். அடியில் சேறு. இறங்கக் கூடாது என்ற எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் இறங்கி மூழ்கிய இளைஞர்களின் செய்தி அடிக்கடி வருகிறது. 2024 ஜூன் 30 அன்று பூஷி அணைக்குப் பின்னுள்ள அருவியில், குடும்பமாக வந்து நடு ஓடையில் நின்றவர்களில் ஒரு பெண்ணும் நான்கு குழந்தைகளும் திடீர் வெள்ளத்தில் போனார்கள். நாட்டையே உலுக்கிய சம்பவம். பெரிய குடும்பத்தின் பலவீனமே இதுதான்: குழந்தையை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வது. தாராவிக் குடும்பத்தில் மாப்பிள்ளை இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை. முறைக்காரர் கழுத்தில் விசில். விசில் மாட்டியவர் செல்போனைக் கொடுத்துவிட வேண்டும்.

கோட்டை ஏற ஆசைப்பட்டவர்கள் திகோனாவுக்குப் போனார்கள். பெயருக்கேற்ற முக்கோண மலை. மேலிருந்து பார்த்தால் ஏரி முழுவதும் தெரிகிறது. 1665-ல் புரந்தர் ஒப்பந்தப்படி சிவாஜி மொகலாயருக்கு விட்டுக்கொடுத்த 23 கோட்டைகளில் இந்த நான்கும் அடக்கம். லோகட்டை 1670-ல் திரும்பப் பிடித்தார். 2025 ஜூலையில் மராத்தா ராணுவ நிலக்காட்சி என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 கோட்டைகளில் லோகட்டும் ஒன்று. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பட்டியலில் இருப்பது நம் செஞ்சி மட்டும்தான்.

முகாம்காரருக்குக் கோட்டையைவிடத் தண்ணீர்மீதுதான் கண். "எங்க அப்பா நெல் நட்ட வயல் அதோ அங்கே, அடியில்" என்று நடு ஏரியைக் காட்டுகிறார். அணைக்காக நிலம் போனவர்களில் பலர் மாற்று நிலத்துக்காக அரை நூற்றாண்டாக அலுவலகப் படியேறிக்கொண்டிருந்தார்கள். மனு கொடுத்த தலைமுறை போய், இப்போது பேரன்கள் கொடுக்கிறார்கள். தண்ணீர் இறங்கும்போது வெளியே வரும் கரையும் நீர்வளத் துறையுடையது. அதில் கூடாரம் அடித்தால் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வரும். தாத்தாவின் நிலத்தில் பேரன் ஆக்கிரமிப்பாளர்!

தண்ணீர் போகும் இடம் பிம்ப்ரி-சிஞ்ச்வட். அணையிலிருந்து ஆற்றில் விடப்பட்டு, ராவேத்தில் எடுக்கப்படுகிறது. ஆற்றை விட்டுவிட்டு மூடிய குழாயில் நேரே நகருக்குக் கொண்டுபோகத் திட்டம் வந்தபோது, பாசனம் போய்விடும் என்று மாவல் விவசாயிகள் எதிர்த்தார்கள். 2011 ஆகஸ்ட் 9 அன்று பவூர் கிராமத்தருகே எக்ஸ்பிரஸ் சாலையை மறித்தவர்கள்மீது போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர் பெண். திட்டம் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. நகரத்தின் தாகமும் பொய்யல்ல. 2019 நவம்பரில் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்ற முறை வந்தது.

அந்தத் தண்ணீரைத்தான் ஆச்சியின் மகள் குடிக்கிறார். முகாம்காரரிடம் அவர் அதைச் சொன்னபோது இருவருக்குமே சிறிது நேரம் பேச்சு எழவில்லை. பிறகு முகாம்காரர் சிரித்துக்கொண்டு, "தண்ணி ருசியா இருக்கா?" என்று கேட்டார். "வர்ற அன்னைக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் மகள்.

தண்ணீர் வற்றும் மாதங்களில் இன்னொன்றும் வெளியே வருகிறது: வாகேஷ்வர் கோயில். அணை நிரம்பியபோது மூழ்கிப்போன பழைய கருங்கல் சிவன் கோயில் அது. சுண்ணாம்பில்லாமல் கல்லோடு கல் பூட்டிக் கட்டும் ஹேமாத்பந்தி பாணி. அதனால்தானோ என்னவோ, ஆண்டின் பெரும்பகுதி நீருக்கடியில் கிடந்தும் சுவர்கள் நிற்கின்றன. அன்று மேல்பகுதி மட்டும் தெரிந்தது. படகில் போய்ப் பார்க்கலாமா என்று பேரன்கள் கேட்டார்கள். மிதவைச் சட்டை இல்லாத படகில் யாரும் ஏறக் கூடாது என்று மாப்பிள்ளை மறுத்துவிட்டார். ஆச்சி திண்ணையிலிருந்து இறங்கி வந்து, என்ன சாமி என்று மராட்டியில் விசாரித்து, மகாதேவன் என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற இடத்திலேயே கும்பிட்டார்.

மே கடைசியில் வந்தால் ஈரம் காய்ந்திருக்கும், கட்டிலோடு தூக்கிக்கொண்டாவது கோயில்வரை கூட்டிப்போய்விடலாம் என்று முகாம்காரர் சொல்லியிருக்கிறார். ஜூன் இரண்டாவது வாரத்தில் மழை பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டுதான்.