ஒலி அடங்கும் திசை

திண்ணையில் டிரான்ஸிஸ்டர் வைத்துக் கேட்ட தலைமுறைக்கு ஒரு பழக்கம் இருந்தது. 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலிக்குப் பெட்டியை ஒரு வாக்கில் வைப்பார்கள். இலங்கை வானொலி என்றால் எடுத்துச் சற்றே திருப்பிவைப்பார்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே சற்று மேற்காகத் திருநெல்வேலி. தென்கிழக்கே கடல் தாண்டிக் கொழும்பு. யாரும் வரைபடம் பார்த்துச் செய்ததில்லை, கைக்குத் தெரிந்திருந்தது. பெட்டிக்குள் படுத்திருக்கும் விரல் பருமனுள்ள கறுப்புத் தண்டு, ஃபெரைட் ராடு, அந்தத் திருப்பலைக் கேட்டது.

ராடின் பக்கவாட்டை நிலையத்துக்குக் காட்டினால் ஒலி உரக்க வரும். முனையைக் காட்டினால் அடங்கிவிடும். உரக்க வரும் இடம் அகலமானது. முப்பது பாகை திருப்பினாலும் காது வித்தியாசம் காணாது. அடங்கும் இடமோ ஊசிமுனை. எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் எங்கள் ஊரில் ரேடியோ பழுதுபார்த்த அண்ணாச்சி ஒருவர். "சத்தம் எங்க கூடுதுன்னு தேடாதீங்க தம்பி. எங்க செத்துப்போவுதுன்னு பாருங்க" என்பார். பழைய செட்டிலிருந்து கழற்றிய ராடும் கேங் கண்டன்ஸரும், தீப்பெட்டி ஆபீஸ் அட்டையைச் சுருட்டிய குழல்மேல் சுற்றிய செம்புக்கம்பியுமாக என் முதல் திசைகாணும் கருவி அவருடைய மேஜையில்தான் பிறந்தது. முனை எந்தப் பக்கத்து நிலையத்தைக் காட்டுகிறது, முன்னா பின்னா, என்பது மட்டும் ராடுக்குத் தெரியாது. ஒரு குத்துக்கம்பி ஆண்டெனாவைச் சேர்த்தால் அந்தக் குழப்பம் தீரும். அல்லது இன்னோர் இடத்துக்கு நடந்துபோய் மீண்டும் ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம்.

அமெச்சூர் வானொலிக்காரர்கள் இதையே நரிவேட்டை என்ற விளையாட்டாக்கினார்கள். முதல் உலகப் போட்டி 1980இல் போலந்தில் நடந்தது. காட்டில் ஒளித்த ஐந்து டிரான்ஸ்மிட்டர்கள் ஐந்து நிமிடச் சுற்றில் ஆளுக்கொரு நிமிடம் மோர்ஸில் கூவும். கருவியோடு ஓடிக் கண்டுபிடிக்க வேண்டும். கரிசலில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மழைக்குப் பின் காலுக்கு ஒரு கிலோ மண் கூடவே வரும்.

விளையாட்டுக்கென்று செய்த கருவி ஓர் ஆடி மாதத்தில் வேறு வேலைக்குப் போயிற்று. காற்று கிளம்பினால் ரேடியோவில் கர்ரென்று ஓர் இரைச்சல். காற்று தணிந்தால் அதுவும் தணியும். தூற்றல் விழுந்த அன்று அடியோடு இல்லை. மின்கம்பத்தில் தளர்ந்த இரும்புக்கும் விரிந்த பீங்கானுக்கும் இடையே பொறி தாவினால் இப்படித்தான் கேட்கும். ஈரம் அந்த இடைவெளியை மூடிவிடும். கசிவு அப்போது கூடவும் செய்யலாம்.

ஃபெரைட் ராடு பாதிவழிதான் வந்தது. மத்திய அலையில் இரைச்சல் கம்பி நெடுகிலும் ஓடி, பாதை முழுவதுமே ஒலிபரப்பும். எந்த லைன் என்று சொல்லும், எந்தக் கம்பம் என்று சொல்லாது. அலைவரிசையை ஏற்ற ஏற்ற இரைச்சல் தன் பிறப்பிடத்தின் அருகில் சுருங்கும். ஆகவே ஏ.எம். முறையில் கேட்கும் ஒரு சிறு வி.எச்.எஃப். ரிசீவரும் மூன்று உறுப்பு யாகி ஆண்டெனாவும் செய்தேன். எஃப்.எம். செட்டு உதவாது, இரைச்சலைத் தள்ளுவதே அதன் குணம். பி.வி.சி. குழாயில் கொத்தனாரின் இரும்பு அளவுநாடாவை வெட்டிப் பொருத்திய யாகி அது. ஜோ லெஜியோ என்ற அமெரிக்க அமெச்சூர் பிரபலப்படுத்திய யோசனை. சீமைக்கருவேல முள்ளுக்குள் நுழைந்தால் நாடா வளையும், வெளியே வந்ததும் நிமிரும். நம் ஊருக்கென்றே செய்ததுபோல.

கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் பக்கம், பிளந்து கிடந்த புஞ்சைகளின் ஊடே கம்பம் கம்பமாக நடந்தேன். ஒரு கம்பத்தைத் தாண்டியதும் இரைச்சல் முதுகுப் பக்கம் போய்விட்டது. திரும்பி வந்தேன். அந்தக் கம்பத்தைச் சுற்றி ஆட்டுக்கிடை போட்டிருந்தது, கி.ரா. ஒரு குறுநாவலுக்கே பெயராக வைத்த கிடை. பட்டியின் கயிற்றை ஸ்டே கம்பியில் கட்டியிருந்தார் கிடைக்காரர். என் கையிலிருந்ததைப் பார்த்து மீன்முள்ளா என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"அதான் தூத்தல் விழுந்தன்னைக்கு ஆடு ஒண்ணுகூட இந்தப் பக்கம் அண்டலையா? என்னமோ பேயின்னு நெனச்சேன்" என்றார்.

ரேடியோ வாயடைத்துப் போயிருந்த அதே நாள். ஆடுகளின் குளம்புக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து லைன்மேன் ஏறி இறக்கித் தந்த பீங்கானில் மயிரிழை விரிசல், அதன் நெடுகிலும் கரிக்கோடு. கிடை அதற்குள் வேறு புஞ்சைக்கு நகர்ந்திருந்தது.