அண்ணன் வாங்க நினைத்த ஆகாய விமானம்

தோல் ஷாப்புகள் மலிந்த இப்பகுதியிலிருந்து ஒருவன் ஆகாய விமானம் வாங்குவதைப் பற்றி எழுதத் துணிவது நேயர்களுக்கு நகைப்பைத் தரலாம். எனினும் எங்கள் குடும்பத்துத் தென்னந்தோப்பு அத்தகைய விமானமொன்றினால் கைநழுவ இருந்தபடியால், அவ்வரலாற்றைக் கூற எனக்குச் சிறிது உரிமையுண்டு.

பள்ளிகொண்டாவில் பாலாற்றங்கரையில் வசிக்கும் என் பெரியப்பா, ஆம்பூரில் முப்பது வருஷம் பச்சைத்தோல் தரம் பார்த்தவர். அவருடைய குமாரர் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் நிலையாகக் குடியேறி, விமானியாக வேண்டுமென்னும் அவாக் கொண்டார். அங்கே வர்த்தக விமானி உரிமம் பெறச் சாதாரணமாக 250 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். வாடகைக்குப் பறப்பதினும், பழைய விமானமொன்றை வாங்கிப் பறந்து பின்னர் விற்றுவிடுதல் இலாபமென்று அண்ணன் கணக்கிட்டார். அவர் கண்டெடுத்தது செஸ்னா 152. இருவர் அமரத்தக்க அவ்வகை விமானம் 1985-ஆம் வருஷத்தோடு செய்யப்படாது நின்றுவிட்டது. ஆயினும் படத்தில் அது புது வர்ணம் பூசி மணப்பெண்போல் நின்றது.

தோப்பை அடகு வைக்கப் பெரியப்பா இசைந்தார். ஆனால் தொலைபேசியில் அவர் கேட்ட முதற் கேள்வி, "ஏனப்பா, உள்பக்கம் பார்த்தாயா?" என்பதே. தோல் பார்ப்பவர் மயிர்ப்புறத்தை மட்டும் நம்பார். புரட்டிச் சதைப்புறத்தில் கத்தி பட்ட இடத்தைத் தேடுவார்.

"வருஷப் பரிசோதனை போன மாதந்தான் ஆயிற்று, அப்பா. கையெழுத்து இருக்கிறது."

"கையெழுத்துப் போட்டவர் யாருடைய ஆள்?"

விற்பவருடைய மெக்கானிக்கு! பன்னிரண்டு மாதத்திற்கொரு முறை சட்டப்படி நடைபெறும் அப்பரிசோதனை வேறு. வாங்குவோன் பொருட்டுச் செய்யும் சோதனை வேறு. பின்னதற்கு அமெரிக்கச் சட்டம் விதியொன்றும் வகுக்கவில்லை. இன்னின்னதைப் பார்க்கவேண்டுமென்று வாங்குவோனே பேசிக்கொள்ள வேண்டும். அண்ணனுக்குச் சிறிது மனத்தாங்கலே. எனினும் முன்பணம் கட்டியபின், அவ்விமானத்தை அதுகாறும் தொட்டிராத வேறொருவரை அமர்த்தினார்.

அவர் முதலில் கருவியையே எடுக்கவில்லையாம். அரைநாள் பதிவுப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷத்தில் அது பறந்தது சில மணி நேரமே. பின்னர் ஒவ்வொரு சிலிண்டரிலும் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தங்குகிறதென்று அளந்தார். மூன்றில் 70-க்கு மேல் தங்கிற்று, நான்காவதில் 52. விற்பவர் சம்மதத்தோடு அந்தச் சிலிண்டரைக் கழற்றி உள்ளே விளக்கைக் காட்டியபோது, காம் ஷாப்டு துருவரித்துக் குழிவிழுந்திருந்தது.

இவ்வகை லைகாமிங் யந்திரத்தில் காம் ஷாப்டு மேற்புறத்தில் அமைந்துள்ளது. யந்திரம் ஓடாதிருப்பின் எண்ணெய் கீழே வடிந்துவிடும். கடற்காற்றின் ஈரம் இரும்பைப் பற்றிக்கொள்ளும். பறவாமல் நின்றதே அதற்கு வினையாயிற்று. குறைவாக ஓடிய வண்டியே நல்ல வண்டியென்று நானும் அதுவரை எண்ணியிருந்தேன்! இனி யந்திரம் முழுவதையும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு விமானத்தின் விலையில் பாதிக்கு மேலாகும்.

விற்பவர் விலையைச் சிறிது குறைத்தார். அண்ணன் படத்தைப் பார்த்துப் பார்த்து மூன்று நாள் தயங்கினார். பெரியப்பா வாய் திறக்கவில்லை. இரவில் மட்டும் உறங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் கண்டேன். நான்காம் நாள் அண்ணன் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

முன்பணம் திரும்பிற்று. மெக்கானிக்கின் கூலியும், சிலிண்டரை மீண்டும் பூட்டிய செலவும் போயின. அது எவ்வளவென்று பெரியப்பா விசாரித்தார். தொகையைக் கேட்டதும் விரல்விட்டு எண்ணி, "தோப்பில் ஒரு வெட்டுத் தேங்காய்" என்று கூறிப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்தார்.