தொண்ணூறு நாள் கணக்கு

கல்கத்தாவில் எம்.பி.ஏ. படிக்கிறவன் என்றால் ஊரில் எல்லாரும் ஜோகாவில் இருக்கும் ஐ.ஐ.எம். என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. திருத்தினாலும் அடுத்த கல்யாணப் பந்தியில் மறுபடி அதே கேள்விதான். ஜோகாக்காரர்கள் கோடைப் பயிற்சிக்குப் பம்பாய்க்கு விமானம் ஏறுவார்கள். எங்கள் மாதிரிக் கல்லூரிக்கு வாய்த்தது பி.பி.டி. பாக் பக்கம் ஒரு அரசு வங்கிக் கிளை. அதன் கடன் பிரிவில், கோப்புகளுக்கு நடுவே ஒதுக்கிக் கொடுத்த ஒரு நாற்காலி.

ஹவுராவிலிருந்து ஃபேர்லி துறைக்குப் படகில் வருவேன். 2024 மார்ச்சிலிருந்து ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ஓடுகிறது, சீக்கிரம் வந்துவிடலாம். ஆனால் ஏப்ரல் மாதத்தில் அந்த ஊரில் காற்று கிடைக்கும் இடம் கங்கை ஒன்றுதான். இறங்கி நடக்கும் அந்த நாலைந்து தெருக்களில் இந்திய வங்கித் தொழிலின் ஜாதகமே கிடக்கிறது. 1806-ல் பாங்க் ஆஃப் கல்கத்தா, 1809-ல் அதுவே பாங்க் ஆஃப் பெங்கால், 1921-ல் பம்பாய், மதராஸ் வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் பாங்க், 1955-ல் ஸ்டேட் பாங்க். ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-ஆம் தேதி தொழில் தொடங்கியபோது அதன் தலைமையகம் இந்த ஊரில்தான் இருந்தது. பம்பாய்க்கு நிரந்தரமாகப் போனது 1937-ல். அலகாபாத் பாங்க் 2020-ல் இணைக்கப்பட்ட பிறகு, நேதாஜி சுபாஷ் ரோட்டில் அதன் பழைய தலைமையகம் நம் இந்தியன் பாங்க் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1906-ல் மதராஸில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகிப் பல குடும்பங்கள் தெருவுக்கு வந்ததும், அந்தச் சூட்டில் 1907-ல் பிறந்த வங்கி. அந்தப் பலகையைத் தாண்டும்போது தூரத்துச் சொந்தக்காரர் வீட்டைக் கடந்து போகிற மாதிரி ஒரு நினைப்பு வரும்.

பிறப்புகள் மட்டுமல்ல, சாவுகளும் இங்கே உண்டு. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வங்காளத்தின் சின்னச் சின்ன வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. 1950-ல் நாத் பாங்க் போயிற்று. அதே ஆண்டு நாலு வங்காளி வங்கிகள் தப்பிப் பிழைக்க ஒன்றுசேர்ந்து யுனைடெட் பாங்க் ஆயின. 2020-ல் அதுவும் பஞ்சாப் நேஷனலில் கரைந்துவிட்டது. 2013-ல் சாரதா குழுமம் சரிந்து ஏழைபாழைகளின் பணத்தை விழுங்கியது வேறு. இதெல்லாம் எனக்குப் பரீட்சைக் குறிப்பாகத்தான் தெரிந்திருந்தது. முதல் வாரம் என்னைப் பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வருவார். அச்சாகி வந்த ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்து முடிக்கும் வரை கவுன்ட்டரை விட்டு நகரமாட்டார். டெபாசிட் காப்பீடு 1962-ல் 1,500 ரூபாயில் ஆரம்பித்து இப்போது 5 லட்சத்துக்கு வந்திருக்கும் கதையை எனக்குச் சொன்னவர் பேராசிரியர் அல்ல, அவர்தான். “அதனால எந்த பாங்கிலயும் அஞ்சு லட்சத்துக்கு மேல வச்சதில்ல” என்றார், எங்கள் கிளைக்குள்ளேயே நின்றுகொண்டு.

பிறகு கடன் பிரிவு. அங்கே இருந்த அதிகாரி ஒரு வங்காளி அம்மாள். கிளை முழுக்க அவர் ‘மேடம்’. வியாபாரிகளுக்குக் கொடுக்கும் சி.சி. கணக்கு, அதாவது ரொக்கக் கடன், அவர் பொறுப்பு. வரம்பு எவ்வளவு இருந்தாலும் அத்தனையையும் எடுத்துவிட முடியாது. மாதாமாதம் வியாபாரி ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தரவேண்டும். சரக்கின் மதிப்பில், கடனுக்கு வாங்கியதைக் கழித்து, மிச்சத்தில் ஒரு பங்கை மார்ஜினாகத் தள்ளவேண்டும். வரவேண்டிய பாக்கியிலும் அதே மாதிரி. ஆனால் தொண்ணூறு நாளைத் தாண்டிய பாக்கி கணக்கிலேயே வராது. இதில் தேறுவதுதான் அவர் எடுக்கக்கூடிய தொகை. வகுப்பில் இதை அரை மணி நேரத்தில் முடித்திருந்தார்கள்.

படா பஜாரில் ஒரு மொத்த ஜவுளிக்காரரின் கணக்கை என்னிடம் கொடுத்தார். தொகைகளை இங்கே மாற்றிச் சொல்கிறேன்: சரக்கு 80 லட்சம், அதில் கடன் சரக்கு 20. மீதி 60-ல் கால் பங்கு போனால் 45. பாக்கி 40 லட்சம், அதில் 16 தொண்ணூறு நாளைத் தாண்டியது. மிச்சம் 24-ல் நாற்பது சதவீதம் போனால் 14 லட்சத்து 40 ஆயிரம். ஆக 59 லட்சத்து 40 ஆயிரம். அவர் எடுத்திருந்ததோ 62. இரண்டரை லட்சத்துக்கு மேல் இடிக்கிறது. இப்படியே இடித்துக்கொண்டு முப்பது நாள் தாண்டினால் கணக்கு கண்காணிப்புப் பட்டியலில் ஏறும், தொண்ணூறு தாண்டினால் வாராக்கடன். குற்றவாளியைப் பிடித்துவிட்ட உற்சாகத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். மேடம் பார்த்துவிட்டு, “வா, போய்ப் பார்த்துட்டு வரலாம்” என்றார்.

படா பஜார் சந்துகளில் நடக்கும்போது தலைச்சுமையோடு வருகிறவர்களுக்கு ஒதுங்குவதே பாதி வேலை. இருட்டு மாடிப்படி ஏறினால் கிடங்கு. மேடம் சரக்கைப் பார்க்கவில்லை. முதலில் கேட்டது தீ இன்ஷூரன்ஸ் பாலிசி. 2008-ல் நந்தராம் மார்க்கெட், 2018-ல் நாள்கணக்கில் எரிந்த பாக்ரி மார்க்கெட், இரண்டுமே கூப்பிடு தூரம்தான். அடுத்து, ‘இச்சரக்கு இன்ன வங்கியிடம் ஈடு’ என்று சொல்லும் பலகை எங்கே என்றார். அது லட்சுமி-கணேசர் படம் போட்ட காலண்டருக்குப் பின்னால் பாதி ஒளிந்திருந்தது. வியாபாரி சிரித்துக்கொண்டே காலண்டரை நகர்த்தினார். மூட்டைகளை எண்ணும் வேலை எனக்கு. சிலவற்றில் ஈரோடு முத்திரை. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கை வங்காளத்தில் உட்கார்ந்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாக்கியைப் பற்றிக் கேட்டபோது அவர் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் குங்குமத்தில் தோய்த்த ரூபாய் நாணயத்தின் தடம். பெரும்பாலும் நம் சித்திரை ஒன்றுக்கு மறுநாள் வருகிறது வங்காளிகளின் புதுவருஷமான பொய்லா பொய்ஷாக்; அன்று கடைகளில் ஹால்காத்தா, புதுக்கணக்கு. கடைக்காரர் வாடிக்கைக்காரர்களைக் கூப்பிட்டு, இனிப்புப் பெட்டியும் காலண்டரும் கொடுப்பார். வந்தவர்கள் பழைய பாக்கியை அடைப்பார்கள், பாதியாவது கொடுப்பார்கள். பர்த்வானிலும் கிருஷ்ணநகரிலும் இருக்கும் சில்லறைக் கடைகளுக்கு அன்று வசூலானால்தான் அந்தப் பணம் அடுத்த சில வாரங்களில் படா பஜாருக்கு வந்து சேரும். அதை விட்டால் துர்கா பூஜை வியாபாரம். “அவங்க என் அப்பா காலத்துலேர்ந்து வாங்கறாங்க. லேட்டாகும், ஓடமாட்டாங்க” என்றார். பேரேட்டில் அந்தப் பதினாறு லட்சத்துக்கு எதிரே சின்னச் சின்ன வரவுகள் விழ ஆரம்பித்திருந்தன, மூவாயிரம், எட்டாயிரம்.

எனக்கு அவர் பக்கம் சாயத் தோன்றியது. பூஜையையும் புதுவருஷத்தையும் நம்பி ஓடும் வியாபாரத்தைத் தொண்ணூறு நாள் கணக்கில் அளப்பது என்ன நியாயம்? திரும்பும் வழியில் கேட்டேன். மேடம் உடனே பதில் சொல்லவில்லை. டேக்கர்ஸ் லேனில் நின்றுகொண்டே ஸ்டூவும் டோஸ்ட்டும் சாப்பிடும்போது சொன்னார்: “அவர் நல்லவர், தெரியும். ஆனா கவுன்ட்டர்ல விரல் வச்சுப் படிக்கிறாரே, அவர் பணம்தான் அந்த அறுபத்திரண்டு லட்சம். அவருக்கு பூஜை வரைக்கும் பொறுங்கன்னு யார் சொல்றது?”

அவர் விதியைத் தளர்த்தவும் இல்லை, நோட்டீஸ் அனுப்பவும் இல்லை. பழைய பாக்கிக்காரர்களில் பெரிய பார்ட்டிகள் நாலைந்து பேரைக் குறித்துக்கொடுத்து, மாத முடிவுக்குள் வசூல் செய்து கணக்கில் கட்டச் சொன்னார். இரண்டு நாளுக்கு ஒருமுறை போன் போட்டார். ஒவ்வொரு முறையும் முதலில் வியாபாரியின் மகள் படிப்பை விசாரிப்பார், பிறகுதான் பணம். இந்த வேலையில் பாதி, சந்தேகத்தை மரியாதையாகச் செய்யத் தெரிவது என்று எனக்குப் பட்டது. எந்தப் பாடத்திட்டத்திலும் அதற்கு மதிப்பெண் கிடையாது. மாதக் கடைசியில் கணக்கு வரம்புக்குள் வந்தது, மயிரிழையில்.

பயிற்சி அறிக்கை எழுதும்போது அந்தப் பதினாறு லட்சத்தை எங்கே காட்டுவது என்று மேடத்திடம் கேட்டேன். “அட்டவணையில பூஜ்யம்தான். ஹால்காத்தாவை அடிக்குறிப்பில் எழுது” என்றார். அரைப் பக்கத்துக்கு எழுதினேன். கல்லூரியில் என் வழிகாட்டி அதைக் குறுக்கே அடித்துவிட்டு, ஓரத்தில் இரண்டாவது வரைபடம் எங்கே என்று கேட்டிருந்தார்.